பள்ளிப் பரிசோதனையும் சுகாதாரக் கல்வியும்

1854ஆம் ஆண்டின் உட் கல்வியறிக்கை, அரசினர் உதவிப்பணத்தோடு பள்ளிப் பரிசோதனையையும் வற்புறுத்திற்று. மிஷன் பள்ளிகள் பல அதனாற் பயனடைந்தன, மறுக்கிலோம். ஆயின், சங்கரன்கோவிலிற் சிறுவராயிருந்தகாலை யாம் கண்டது யாது? பரிசோதகர் வரும் நாளிற் கைகழுவுமிடத்தே சவுக்காரம் தோன்றும். அவர் மீண்டபின் மறையும். 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பள்ளிச் சுகாதாரத் திட்டம், பள்ளிதோறும் ஆசிரியர் இருவர் உடல்நலமும் நல்வாழ்வும் போதிக்க வழிவகுத்தது. நன்றே. எனினும் கணக்குப் பாடத்தின் தேர்ச்சி ஏட்டில் ஏறும்; கூச்சம் நீங்கித் தன் துன்பத்தை ஆசிரியையிடம் உரைக்கும் மாணவியின் துணிவு எவ்வேட்டிலும் ஏறாது. ஏட்டில் ஏறாதது நாளடைவிற் கைவிடப்படும். ஆதலின், பரிசோதகர் முன்னறிவிப்பின்றியும் வருக. பதிவேட்டைப் புரட்டுமுன் மாணவரோடு கால்மணி நேரம் அளவளாவுக. பாத்திரத்தின் வெளிப்புறம் மட்டும் துலங்குதல் போதாதென்பது எமது துணிபு.