கேட்டு வந்தது கல்வியை, காசை அன்று

'அபஸ' அத்தியாயத்தை விரித்து நாம் செய்யும் பயான்களில் ஒரு செய்தி எப்போதும் விடுபட்டுப் போகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு உரையாடிக்கொண்டிருந்த வேளையில் வந்து நின்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண்பார்வையற்றவர் என்று சொல்லி உருகுகிறோம். அவர் எதை நாடி வந்தார் என்பதைச் சொல்வதில்லை. உணவு கேட்டா வந்தார்? உடை கேட்டா வந்தார்? இறைவன் அருளிய கல்வியைத் தமக்கும் கற்பிக்கும்படி கேட்டு, ஒரு மாணவராக வந்தார். அந்த மாணவரின் வேண்டுகோள் சற்றே பிற்பட்டதற்காகவே வஹீ இறங்கிற்று. பின்னாளில் பெருமானார் மதீனாவை விட்டுப் பயணம் சென்ற காலங்களில் அந்நகரின் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்துச் சென்றார்கள்.

நாமோ, உடற்குறை உள்ள பிள்ளையைக் கண்டால் முதலில் சட்டைப்பையைத் தடவுகிறோம். நம்மவர் நடத்தும் கல்லூரி ஒன்றின் விழாவுக்குச் சென்றிருந்தேன். கால் வழங்காத இளைஞர் சிலருக்கு மூன்று சக்கர வண்டிகள் வழங்கினார்கள். துஆ ஓதினோம்; படம் எடுத்தார்கள். விழா நடந்த மண்டபத்துக்கோ ஒன்பது படிகள். வண்டி பெற வந்தவர்களை இருவர் இருவராகத் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். "இக்கல்லூரியில் இப்படிப்பட்ட மாணவர் எத்தனை பேர்?" என்று நிர்வாகி ஒருவரிடம் கேட்டேன். "அப்படி யாரும் சேர வரவில்லையே, ஹஜ்ரத்" என்றார். ஒன்பது படிகளைக் கட்டிவைத்துவிட்டு, வரவில்லையே என்பது என்ன நியாயம்? ஹவ்ளு கட்டாமல் பள்ளிவாசலைத் திறந்து, தொழ ஆள் வரட்டும், பிறகு கட்டலாம் என்று எந்த முத்தவல்லியாவது சொல்வாரா?

இது ஸதகாவில் சேர்ந்த காரியம் அன்று, ஹக்கில் சேர்ந்தது. நாட்டின் சட்டமும் இன்று அப்படியே கூறுகிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 விழுக்காடாக இருந்த கல்வி இட ஒதுக்கீடு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் குறைந்தது 5 விழுக்காடு ஆயிற்று. அரசுக் கல்லூரிகளோடு அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களையும் அது குறிப்பிடுகிறது. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் தருகிறது. பார்வையற்றோருக்கும் எழுத இயலாதோருக்கும் தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று 2018-இல் நெறிமுறை வந்தது. குறைபாட்டின் அளவு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்று காரணம் காட்டி, எழுதித் தருபவரை மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லும் மாறி 'மாற்றுத்திறனாளி' ஆகிவிட்டது. சொல்லை மாற்றப் பணம் வேண்டியதில்லை. படியை மாற்றத்தான் வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். கெய்ரோவில் அல்அஸ்ஹரை ஒட்டி 'ஸாவியத்துல் உம்யான்' என்று ஓர் இல்லம் இருந்தது. பொருள், பார்வையற்றோர் இல்லம். எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர் 1836-இல் வெளியிட்ட தம் நூலில், ஏறத்தாழ 300 பார்வையற்றோர் வக்ஃபு வருமானத்தில் அங்கே வாழ்ந்ததாகவும், அவர்களுள் பெரும்பாலோர் மாணவர் என்றும் எழுதியிருக்கிறார். உணவுப்படி குறைந்த காலங்களில் அவர்கள் கைத்தடிகளோடு வீதியில் இறங்கி, போவோர் வருவோரின் தலைப்பாகையைப் பறித்தார்களாம், கடைகளையும் சூறையாடினார்களாம். சூறையாடியதை நான் மெச்சவில்லை. ஆயினும் அவர்கள் தங்களை இரவலராக எண்ணியிருக்கவில்லை என்பது தெரிகிறது அன்றோ! அதே அஸ்ஹரில் பயின்ற பார்வையற்ற தாஹா ஹுசைன் 1914-இல் எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1950-இல் கல்வி அமைச்சரானார். அவருடைய கொள்கைகள் பலவற்றை நான் ஏற்பவன் அல்லன். அது வேறு வழக்கு. இளமையிலேயே பார்வை இழந்த ஷைகு இப்னு பாஸ் 1970 முதல் 1975 வரை மதீனாப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவே இருந்தார்.

கல்லூரிகளை மட்டும் சாடினால் நியாயமாகாது. "அவன் பாட்டுக்கு வீட்டில் இருந்து சாப்பிட்டுக்கொள்ளட்டும், நாம் இருக்கிறவரை பார்த்துக்கொள்வோம்" என்று தாய்தந்தையர் சொல்வது பாசம்தான். நாம் இல்லாத காலத்துக்கு அந்தப் பாசம் என்ன வைத்துவிட்டுப் போகிறது? பெண் பிள்ளையாயின் இதுகூடச் சொல்லப்படுவதில்லை; அவள் இருப்பதே அயலாருக்குத் தெரியாத வீடுகளை நான் அறிவேன்.

என் பங்கையும் மறைக்கமாட்டேன். எங்கள் மதரஸாவுக்கு வரும் பார்வையற்ற பிள்ளையை ஹிஃப்ழில் சேர்ப்போம். அது பெரும்பேறு, ஐயமில்லை. ஆனால் அத்தோடு அவன் கல்வி முடிந்தது என்று நாங்களே முடிவு கட்டிவிடுவோம். ரமலானில் தராவீஹுக்கு அழைப்போம். மற்ற பதினொரு மாதங்கள் அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கமாட்டோம். என்னிடம் ஓதிய ஹாஃபிழ் ஒருவர், வயது இருபத்து நான்கு, சென்ற ரமலானில் தொழவைத்து முடித்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹஜ்ரத், நான் அரபியில் பி.ஏ. படித்தால் பரீட்சையில் யார் எனக்கு எழுதித் தருவார்கள்?" என்று கேட்டார். பத்து ஆண்டுகள் என் முன் அமர்ந்து ஓதியவர். அன்றுவரை நான் அவரை அப்படி ஒரு கேள்வி கேட்கவிட்டதில்லை.

அரபி எழுத்தைப் பிழையின்றி எழுதக்கூடிய மாணவர் இருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன். கல்லூரி முதல்வர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, குழுவைக் கூட்டிச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். வகுப்பு மூன்றாம் மாடியில் நடக்கிறதாம்.