வலியை மறைப்பது வீரமன்று



சென்ற பள்ளி விடுமுறையில் பத்துமலைச் சுண்ணாம்புப் பாறைகளில் ஏறிப் பழகியபோது, என் வலது முழங்கையின் உட்புறம் வலிக்கத் தொடங்கியது. பொருட்படுத்தாமல் மேலும் ஏறினேன். விளைவு, வெண்பலகையில் எழுதவும் கை ஒத்துழைக்கவில்லை.

பாறையை இறுகப் பற்ற உதவும் தசைகளை முழங்கை எலும்போடு பிணைப்பது தசைநாண். அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால் தசையைவிட மெதுவாகவே ஆறும். நெடுநாள் முழு ஓய்வும் தீர்வன்று. வலி தணிந்தபின், சிறு எடையை மெல்ல இறக்கும் மணிக்கட்டுப் பயிற்சியால் அதனைப் படிப்படியாக வலுப்படுத்த வேண்டும்.

“ஏன் ஐயா முன்பே சொல்லவில்லை?” என்று மாணவன் ஒருவன் கேட்டான். சென்ற ஆண்டு திடலில் கைவலி என்று வந்த அவனிடம், “பொறுத்துக்கொள்” என்று சொன்னவன் நான்தான். நாணித் தலைகுனிந்தேன்.

வளரும் பிள்ளைகளுக்குத் தசைநாணைவிட எலும்பின் வளர்தட்டே வலுக்குறைந்தது. எனவே அவர்களின் வலியை அலட்சியப்படுத்தலாகாது. அதற்காக விளையாட்டைத் தடுப்பதும் முறையன்று. “வலிக்கிறது” என்று பிள்ளைகள் அஞ்சாமல் சொல்லட்டும், நாம் செவிமடுப்போம்.