அரியலூரில் அலை அடித்தது!

சிவகாசியில் அச்சான தினக் காலண்டர் உங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறதல்லவா? அதில் ஒரு தாளை ஒரு நாள் என்று எண்ணாமல், ஒரு வருஷம் என்று வைத்துக் கொள்ளுங்கள். டினோசார்கள் அழிந்த காலத்துக்குப் பின்னோக்கிப் போக எத்தனை காலண்டர்கள் வேண்டும், தெரியுமா? ஏறக்குறைய 1,80,000! அதாவது 6 கோடியே 60 லட்சம் வருஷம்.

அப்போது முடிந்த யுகத்துக்குக் கிரெட்டேஷியஸ் என்று பெயர். அந்த யுகத்தில், இன்று அரியலூரும் பெரம்பலூரும் இருக்கும் பூமியில் கடல் புகுந்திருந்தது.

"எங்கள் விருதுநகர் ஜில்லா பந்தல்குடியிலும்தான் சுண்ணாம்புக் கல் வெட்டுகிறார்கள். அங்கே ஏதாவது அகப்படுமா?" என்று கேட்பீர்கள். அகப்படாது. அது பூமியின் வயிற்றுக்குள் வெந்து உருமாறிய பழங்கல். அரியலூர்க் கல்லோ, கடலடியில் சேறும் சிப்பியுமாகப் படிந்தது.

அதில் ஆட்டுக் கொம்பு போலச் சுருண்ட கூடுகள் ஏராளம். அம்மோனைட் என்ற பிராணியின் வீடு அது; நம் கணவாய்க்குத் தூரத்து உறவு. பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்தில் சக்கரம் தெரிகிறதே, அதுவும் இந்த இனம் விட்டுச் சென்ற சுவடுதான். காரை கிராமத்துக் களிமண் ஓடைகளில் சுறாமீன் பற்கள் கிடைத்திருக்கின்றன. சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று அப்படியே கல்லாய்ச் சமைந்து கிடக்கிறது. டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்கு அறிவித்தார்.

கரையிலும் ராக்ஷசர்கள் உலவினார்கள். கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிபுணர்கள் ஆராய்ந்து, 1987-ல் அந்தப் பிராணிக்குப் 'பிரஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உங்கள் வீட்டு வாசற்கதவின் உயரம்! அதன் எடை 100 டன்னுக்கும் அதிகம் என்று 2023-ல் ஒரு கணக்கு வெளியாயிற்று.

ஆனால், சரிபார்க்க எலும்பு எங்கே? நொறுங்கி மண்ணோடு மண்ணாகி விட்டது! மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான். அது எலும்பே அல்ல, கல்மரம் என்றுகூடச் சிலர் சந்தேகித்தார்கள். பூமி கோடிக்கணக்கான வருஷம் காப்பாற்றித் தந்ததை, நம்மால் சில வருஷம் காப்பாற்ற முடியவில்லை.

2020-ல் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, "டினோசார் முட்டை!" என்று ஊரே அமளிப்பட்டது. நிபுணர்கள் வந்து பார்த்து, "முட்டையல்ல, அம்மோனைட் படிவம்" என்றார்கள். கல் கையில் இருந்ததால் அல்லவா உண்மை தெரிந்தது?

ஆகையால் வாசகர்களே, அந்தப் பக்கம் போனால் சிப்பிக் கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொள்ளாதீர்கள், உடைத்தும் பார்க்காதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, பூகர்ப்ப சாஸ்திரம் கற்பிக்கும் கல்லூரிக்குத் தெரிவியுங்கள். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமா? வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. பிரஹத்காயனுக்கு நேர்ந்த கதி இன்னொரு பிராணிக்கும் நேர வேண்டாம்!