ஓசேப்பின் பேத்தி எப்போது எழுதுவாள்?

டி. செல்வராஜின் ‘தோல்’ நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தார்கள். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்வந்த ஒருத்தர் நம்ம ஊர் அடிமைகளின் கதையை எழுதியிருக்கிறார் என்று திண்டுக்கல்லில் பலருக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 2019 டிசம்பரில் அவர் இறந்துபோனார். இரங்கல் கூட்டம், மாலை எல்லாம் முடிந்தது. ஆனால் அந்த நாவல் எழுப்புகிற கேள்விகளை நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை.

இங்கே காந்திகிராமத்தில் நாவலைப் படித்த மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, இது நம்ம ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ தானே?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். சொன்னது பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் (1811-1896) பாதிரியார் குடும்பத்துப் பெண், வெள்ளைக்காரி. தப்பி ஓடிய அடிமையைப் பிடித்து ஆண்டையிடம் ஒப்படைக்கவேண்டும் என்று 1850இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். அந்தக் கோபத்தில் அவர் எழுத உட்கார்ந்தார். 1851இல் தொடராக வந்தது, 1852இல் புத்தகமானது. ஒரே வருடத்தில் அமெரிக்காவில் மட்டும் மூன்று லட்சம் பிரதிகள் விற்றன. 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. உள்நாட்டுப் போரையே தொடங்கி வைத்த அம்மையார் என்று லிங்கன் அவரைச் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் ஒரு நாவல் அவ்வளவு செய்யும் என்று ஊரே நம்பியது பாருங்கள், அதுதான் முக்கியம்.

அந்தப் போராட்டத்தின் சூடு நம்ம பக்கமும் வந்தது. ஜோதிராவ் புலே 1873இல் ‘குலாம்கிரி’ எழுதியபோது, கறுப்பர் விடுதலைக்காகத் தியாகம் செய்த அமெரிக்க மக்களுக்குத்தான் அதைக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் ஒரு படி மேலே போனார். அடிமை ஆண்டையின் சொத்து. செத்தால் நஷ்டம் என்பதற்காகவாவது ஆண்டை அவனுக்குச் சோறு போடுவான். தீண்டப்படாதவன் செத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே தீண்டாமை அடிமைமுறையைவிடக் கொடியது என்று வாதிட்டார்.

திண்டுக்கல் தோல் சாப்புகளில் இரண்டும் ஒன்றாக இருந்தன. செல்வராஜ் காட்டுவது அதைத்தான். உப்புப் போட்ட பச்சைத் தோல் வரும். ஊறவைக்கணும், சுண்ணாம்புக் குழியில் இறங்கி மிதிக்கணும், மயிர் வழிக்கணும், சவ்வு சீவணும், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் போட்டுப் பதப்படுத்தணும். சுண்ணாம்பு தோலை மட்டுமா தின்னும்? குழியில் நிற்கிறவன் காலையும் தின்னும். கல்யாணத்துக்கோ சாவுக்கோ முதலாளியிடம் முன்பணம் வாங்கியவன் குழியைவிட்டு ஏறமுடியாது. அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் இறங்குவான். நாவலில் வருகிற ஓசேப்பு அப்படிப்பட்டவன். ஓசேப்பு என்றால் ஜோசப். மதம் மாறியும் குழி மாறவில்லை.

எங்க குடும்பத்திலும் ஒரு பெரியவர் சாப்புக்குப் போனவர். பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். “நாத்தம் என்கிட்ட இருந்து வருதுன்னு நெனச்சானுக. அவனுக போட்டிருந்த செருப்புக்கு அந்த நாத்தம் தெரியும்” என்பார். அவர் ஒரு வரி எழுதியதில்லை. எழுதத் தெரியாது.

நெல்லைச் சீமையில் 1938இல் பிறந்த செல்வராஜ் அறுபதுகளிலேயே ‘மலரும் சருகும்’ எழுதினார். தமிழின் முதல் தலித் நாவல் அதுதான் என்று சொல்கிறவர்களும் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ‘தேநீர்’ எழுதினார். வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ எழுதினார், இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ ஆனது. வயல், மலை, தோல் சாப்பு என்று நம்ம சனங்க அடிமைப்பட்டுக் கிடந்த இடங்கள் எல்லாம் நாவலுக்குள் வந்துவிட்டன. மற்றவர்கள் நடுவீட்டுக் காதலை எழுதிக்கொண்டிருந்தபோது இவர்கள் இதை எழுதினார்கள். அந்தக் கடனை நாம் மறுக்கக்கூடாது.

ஆனால் கேள்வி இருக்கிறது. ‘தோல்’ நாவலில் தொழிலாளர்களைத் திரட்டுகிறவர் சங்கரன். பார்ப்பனக் குடும்பத்திலிருந்து கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். திண்டுக்கல்லில் தோல் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய தோழர் ஏ. பாலசுப்பிரமணியத்தின் சாயல் அவரிடம் உண்டு. அது வரலாறு, பொய்யில்லை. அந்தச் சங்கம் இல்லையென்றால் பலபேர் குழியிலேயே செத்திருப்பார்கள். நான் கேட்பது வேற. நமக்கு வழிகாட்ட எப்போதும் மேலேயிருந்து ஒருத்தர் இறங்கி வரணுமா?

இதே கேள்வியைக் கறுப்பர்கள் ஸ்டோவ் அம்மையாரிடம் கேட்டார்கள். அவருடைய டாம் அடிபட்டே சாகிறான், ஆண்டையை மன்னித்துவிட்டுச் சாகிறான். படித்த வெள்ளைக்காரர்கள் அழுதார்கள். தப்பித்துப்போன ஜார்ஜ் ஹாரிஸை நாவலின் முடிவில் லைபீரியாவுக்கு அனுப்பிவிடுகிறார். சுதந்திரமான கறுப்பனுக்கு அமெரிக்காவில் இடமில்லை! பிற்காலத்தில் ‘அங்கிள் டாம்’ என்பது கறுப்பர்கள் மத்தியில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. ஸ்டோவ் தன் நாவலுக்கு ஆதாரமாகக் காட்டியவற்றில் ஒன்று, தப்பித்த அடிமை ஜோசையா ஹென்சன் 1849இல் வெளியிட்ட தன்வரலாறு. பிரடெரிக் டக்ளஸின் தன்வரலாறு அதற்கும் முன்னால், 1845இலேயே வந்துவிட்டது. அடிமைகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலகம் அழுதது என்னவோ அம்மையார் சொன்னபோதுதான்.

செல்வராஜின் ஓசேப்பு டாம் இல்லை. மன்னித்துக்கொண்டே சாகிறவன் இல்லை, எதிர்த்து நிற்கிறவன். இந்த ஒன்றுக்காகவே ‘தோல்’ அந்த அமெரிக்க நாவலைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்பேன். மாணவருக்கு நான் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி இதுதான்.

சரி, குழி மூடிவிட்டதா? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று 1982இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 1996இல் தோல் சாப்புக் கழிவு வழக்கில் அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. நிலத்தடி நீர் கெட்டதைப் பேசினார்கள். நல்லது. அந்தத் தண்ணிக்குள் நின்றவன் காலை யார் பேசினார்கள்?

இதே மாவட்டத்து நூற்பாலைகளுக்கு நம்ம பெண்பிள்ளைகளைச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பேர் வைத்துக் கூட்டிப்போனார்கள். மூன்று வருடம் ஆலைக்குள்ளேயே தங்கி வேலை. முடித்தால் மொத்தமாகப் பணம். அதை வைத்துக் கல்யாணம். நடுவில் விட்டுப்போனால் அந்தத் தொகை போச்சு. சுண்ணாம்புக்குப் பதில் பஞ்சுத் தூசி. அன்று முன்பணத்தைக் கொடுத்துக் கட்டிப்போட்டான், இன்று பின்பணத்தைக் காட்டிக் கட்டிப்போடுகிறான்.

2021 ஜனவரியில் இந்த மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் கைதானார். அதற்குப் பிறகு நடந்ததைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் தலித் பெண்கள் தலைமையில் நடக்கிற சங்கம். அவர்கள் விடவில்லை. 2022 ஏப்ரலில் பாலியல் வன்முறைக்கு எதிரான ஒப்பந்தத்தில் முதலாளியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று உலகமே அதைப் பேசியது. இங்கே சங்கரன் வரவில்லை. ஓசேப்பின் பேத்திகளே உட்கார்ந்து பேசினார்கள்.

காந்திகிராமத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய நிறுவனத்தால் சுற்றுவட்டாரச் சேரிப் பிள்ளைகள் படித்தார்கள். மறைக்கவில்லை. ஆனால் சேவை செய்கிறவர் நம்மைப் பார்த்து இரங்குவார். இரக்கம் உரிமை ஆகிவிடாது. நாவலுக்கும் அதே அளவுகோல்தான். படித்தவன் அழுதானா என்று பார்த்தால் போதாது. எழுதப்பட்டவன் எழுந்தானா என்று பார்க்கணும்.

ஆகவே மாணவத் தோழர்களே, ‘தோல்’ படியுங்கள். படித்துவிட்டு அலமாரியில் வைக்காதீர்கள். உங்க தெருவில் சாப்புக்குப் போன கிழவர் ஒருத்தராவது மிச்சமிருப்பார். மில்லுக்குப் போய்த் திரும்பிய தங்கச்சி ஒருத்தி இருப்பாள். கிழவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், அவர் பேசுகிற மாதிரியே. தங்கச்சி கையில் நோட்டையும் பேனாவையும் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.