கடலடியில் வைக்கும் கல்லின் கணக்கு



நம் ஆனைக்குட்டம் அணையைத் தாண்டி ஓடும் அர்ச்சுனா நதி வைப்பாற்றில் கலந்து மன்னார் வளைகுடாவைச் சேருகிறது. அக்கடலில், தூத்துக்குடிக்கு அருகே, வான் தீவு உள்ளது. பல பத்தாண்டுகளாக அதைச் சூழ்ந்த பவளப்பாறைகளை மனிதர் வெட்டியெடுத்துச் சுண்ணாம்பாக்கினார்கள். அலையைத் தடுத்த அரண் அழிந்தது. 1969-இல் சுமார் 20 ஹெக்டேர் பரப்புடன் இருந்த தீவு, 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. அதைக் காக்க 2015 முதல் 2019 வரை 10,000-க்கும் மேற்பட்ட கான்கிரீட் கட்டமைப்புகள் செயற்கைப் பவளப்பாறைகளாகக் கடலில் இறக்கப்பட்டன. தீவின் அரிப்பு தணிந்தது. மீன்களும் அங்கே புகலிடம் கண்டன.

இதற்காகக் கர்த்தரைத் துதிப்போம். ஆயினும், கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் போதித்ததை மறவாதிருப்போம். அந்தச் செலவு பணம் மட்டுமன்று.

கான்கிரீட்டுக்குச் சிமெண்ட் வேண்டும். சிமெண்ட்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். பந்தல்குடிச் சுரங்கங்களையும் ஆர்.ஆர். நகர் ஆலையையும் அறிந்த நம் மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடும்போது, எரிபொருளிலிருந்து மட்டுமல்ல, கல்லிலிருந்தே கரியமிலவாயு வெளியேறுகிறது. உலகின் மொத்தக் கரியமிலவாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தொழிலால் உண்டாகிறது. கம்பி, லாரி, மிதவைக்கலம், பளுதூக்கி ஆகியவற்றின் செலவு தனி. அந்த வாயுவே கடலைச் சூடாக்குகிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெப்பத்தால் வெளுத்து, பல மடிந்தன. கடலின் சுண்ணாம்பை எடுத்துக் கரையில் கட்டினோம். இன்று நிலத்தின் சுண்ணாம்பைச் சுட்டுக் கடலில் வைக்கிறோம்.

ஆகவே இப்பணி வேண்டாம் என்கிறேனா? இல்லை. மூழ்கும் தீவைக் காக்க அது தகுந்த செலவே. ஆனால் அது மருந்து; உணவன்று. கான்கிரீட்டால் ஈடுசெய்யலாம் என்னும் துணிவில் உயிருள்ள பாறையை அழியவிடுவது, மன்னிப்பு உண்டென்று பாவம் செய்வதற்கு ஒப்பாகும். தேவன் இலவசமாய்த் தந்த அரணைக் காப்பதே முதற்கடமை.

பிரியமானவர்களே, வீட்டிலோ ஆலய வளாகத்திலோ கட்டடம் எழுப்பும் முன் உட்கார்ந்து எண்ணுங்கள்: இது தேவைதானா? பழையதைச் செப்பனிட்டால் போதாதா? நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட்டைப் பயன்படுத்தலாமா? நமது ஆற்றின் கடைமுனையில் இருப்பதும் அவருடைய சிருஷ்டியே.

உண்மையுள்ள உக்கிராணக்காரராய் வாழக் கர்த்தர் நமக்குக் கிருபை அருள்வாராக. ஆமென்.