யாருடைய இல்லம்?

மெரினா கடற்கரைச் சாலையில் இருக்கும் அந்த வட்டக் கட்டடத்தைப் பேருந்து ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உள்ளே போனது போன மாதம்தான். விவேகானந்தர் தங்கிய அறை இன்று தியான அறை. நானும் கண்மூடி உட்கார்ந்தேன். மனம் ஒடுங்கவில்லை, கணக்குப் போட ஆரம்பித்தது.

1842இல் அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு இது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே தங்கியது ஒன்பது நாள். அதற்கப்புறம், 1910களிலிருந்து, ஆண்டுக்கணக்கில் இங்கே வாழ்ந்தவர்கள் இளம் விதவைகள். எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஊர் ஒதுக்கிய சிறுமிகள் இந்தக் கடல் காற்றில் பாடம் படித்தார்கள், ஆசிரியைகளானார்கள்.

அவர்களை அழைத்து வந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. மயிலாப்பூரில் பிறந்தவர். பதினொரு வயதில் கல்யாணம், சீக்கிரமே விதவை. 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு, நான்கு சிறுமிகளோடு எழும்பூர் வீட்டில் விடுதியைத் தொடங்கினார். அது பிராமண விதவைகளுக்கு மட்டுமான விடுதி. அந்தக் கதவு மற்றச் சாதிப் பெண்களுக்குத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தேதான் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். சேர்த்துச் சொல்வது வேறு, சொல்லாமலே விடுவது வேறு.

இதில் ஒரு வேடிக்கை. விதவைப் பிரச்சினைக்கு என்ன தீர்வு என்று ஓயாமல் கேட்டவர்களுக்கு விவேகானந்தர் அதே பிப்ரவரியில், சென்னைச் சொற்பொழிவிலேயே பதில் சொன்னார்: நான் என்ன விதவையா, என்னைக் கேட்க? ஆண்கள் கையை எடுங்கள், அவர்கள் பிரச்சினையை அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். பிறகு ஒரு விதவை வந்து, அவர் தங்கிய அதே வீட்டில், அதைச் செய்து காட்டினார். சொன்னவர் பெயர் வாசலில் இருக்கிறது. பனிக்கட்டிக்குக்கூட ஒரு பெயர் மிஞ்சியது. கண்டக்டரிடம் இன்றும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். செய்தவள்?

பள்ளிகள் இருக்கின்றனவே என்பார்கள். தி.நகரில் சாரதா வித்யாலயா, மயிலாப்பூரில் வித்யா மந்திர். இரண்டிலும் அவர் உழைப்பு இருக்கிறது. பெயர் எதில் இருக்கிறது? அவரே பெயரை விரும்பியிருக்க மாட்டார் என்றும் சொல்வார்கள். பெண்ணின் அடக்கத்தை அவளைக் கேட்காமலே புகழ்ந்து முடித்துவிடுவது நம் ஊருக்குப் பழக்கம்தான். துறவியின் அடக்கத்தை மதித்து யாரும் பலகை வைக்காமல் இருந்துவிடவில்லையே!

விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி 1963இல்தான் இது ‘விவேகானந்தர் இல்லம்’ ஆனது. அந்த ஆண்டு சுப்புலட்சுமிக்கு வயது 77. மேலவை உறுப்பினராக இருந்தவர், பத்மஸ்ரீ வாங்கியவர், ஊரறிந்தவர். இன்னும் ஆறு ஆண்டு உயிரோடு இருந்தார்.