நம்ம ஆளும் நிலப்பட்டாவும்



சென்ற மாதம் எங்கள் பழைய வரிசை வீட்டை விற்பதென்று முடிவு செய்தோம். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கின்றனர். மாடிப்படி ஏறுவது இல்லத்தரசிக்கு இயலவில்லை. செய்தி எப்படியோ பரவி, பல ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் ஆறாம் ஆண்டில் பயின்ற மாணவி ஒருத்தி வீடு தேடி வந்தாள். இப்பொழுது அவள் வீடு, நிலம் விற்றுத் தரும் நிறுவனமொன்றில் பணியாற்றுகிறாள். வாசலிலேயே நின்று, கழுத்தில் தொங்கிய சிவப்பு அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“ஐயா, முதலில் இதில் உள்ள கட்டத்தை உங்கள் கைப்பேசியில் ஸ்கேன் செய்து பாருங்கள்.”

“உன்னை எனக்குத் தெரியாதா, அம்மா?” என்று சிரித்தேன்.

“என்னைத் தெரியும், ஐயா. என் பதிவு எண்ணைத் தெரியாதே!”

வாய்பாடு ஒப்புவிக்கத் தடுமாறிய பிள்ளை எனக்கே பாடம் நடத்துகிறதே என்று மகிழ்ந்தாலும், உள்ளே ஒரு பழைய வலி தலைதூக்கியதையும் மறைக்க விரும்பவில்லை. 1996ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியை வேறொருவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் நம்ம ஆளு. கோயில் திருவிழாவில் முன்னின்று ஓடியாடி வேலை செய்தவர். அழகாகத் தமிழ் பேசுவார். மலிவான வீடு ஒன்று இருப்பதாகவும், இன்றே ‘புக்கிங்’ கொடுக்காவிட்டால் வேறொருவர் கைக்குப் போய்விடும் என்றும் சொன்னார். மனைவியின் நகையை அடகு வைத்து நான்காயிரம் வெள்ளியை அவர் கையிலேயே கொடுத்தேன். கடையில் விற்கும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துக் கையொப்பமிட்டுத் தந்தார். வீட்டின் உரிமையாளருக்கு அப்படி ஒருவர் தம் வீட்டை விற்றுக்கொண்டிருப்பதே தெரியாது என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் அறிந்தேன். அந்தப் பணம் திரும்பி வரவே இல்லை.

சொத்து முகவர் தொழிலுக்கு இந்நாட்டில் 1981ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனத்தின் கீழ் வேலை செய்வோருக்குப் படம், பெயர், எண் பொறித்த சிவப்பு அட்டை உண்டு. அந்த எண்ணை வாரியத்தின் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். முன்பணத்தைத் தனிமனிதரின் வங்கிக் கணக்கில் போடக்கூடாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கிலோ வழக்கறிஞர் நிறுவனத்தின் கணக்கிலோதான் செலுத்த வேண்டும். இவ்வளவுதான் செய்தி. ஐந்து நிமிட வேலை. ஆனால், நம்மவர்களுக்கு இதைக் கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது. ‘நம்ம ஆளிடம் போய் அட்டையைக் காட்டு என்று கேட்பதா, தப்பாக நினைத்துக்கொள்ள மாட்டாரா?’ என்கிறோம். தப்பாக நினைத்துக்கொள்ளும் ஆளாக இருந்தால், அவரிடம் நான்காயிரம் வெள்ளியைக் கொடுக்கலாமா என்று நான்தான் அன்று எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மாணவி அடுத்துச் சொன்னதுதான் என்னை இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. “ஐயா, வீட்டை விற்பவர்தான் எங்களுக்குக் கட்டணம் தருகிறார். விலையில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் நாங்கள் வாங்கக்கூடாது. இந்த வீட்டைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். வாங்க வருகிறவரிடம் அன்பாகப் பேசுவேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால், நான் அவருக்கு ஆலோசகர் அல்லள். நாளை நீங்கள் வேறு வீடு வாங்கப் போகிறீர்களே, அங்கே உங்களைத் தேநீர் கொடுத்து வரவேற்கும் முகவர் உங்கள் ஆள் அல்லர். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.”

இத்தொழிலில் இருக்கும் ஒருவர் இப்படி வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்குபவர் தமக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். செலவு மிச்சம் என்று இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் என ஒத்துக்கொள்வோர் உண்டு. தகராறு வரும்போது அந்த மிச்சத்தின் மதிப்பு தெரியும்.

பிறகு அவள் பட்டாவைக் கேட்டாள். இரும்புப் பெட்டியிலிருந்து நகலை எடுத்துக் கொடுத்தேன். “இது பழைய நகல், ஐயா. இன்றைய நிலவரம் வேண்டும்” என்று சொல்லி நில அலுவலகப் பதிவேட்டில் தேடல் விண்ணப்பம் செய்தாள். வந்த தாளைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக் கடனை நான் முழுதாகக் கட்டி முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால், பட்டாவில் கடன் கொடுத்தவரின் அடமானம் அப்படியே நிற்கிறது! கடனை அடைத்துவிட்டால் அடமானம் தானாக நீங்கிவிடும் என்று எண்ணியிருந்தேன். நீங்காது. விடுவிப்புப் படிவத்தை நில அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் நீங்கும். அது 16என் என்னும் படிவம். கடிதம் வந்திருக்கிறது, நான்தான் பிரித்துப் படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கருத்துணர்தல் பயிற்சி கொடுத்த ஆசிரியனின் இலட்சணம் இது. இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களில் கடனை முடித்தவர்கள், தயவுசெய்து இன்றே உங்கள் கோப்பைத் திறந்து பாருங்கள். விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, உரிமையாளர் காலமாகிவிட்டால் பிள்ளைகள் இரண்டு சிக்கல்களை ஒன்றாக அவிழ்க்க நேரிடும்.

வாங்குபவர் அந்தத் தாளில் பார்க்க வேண்டியவை பல. நிலையுரிமை நிலமா, 99 ஆண்டுக் குத்தகையா? குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? மிச்ச ஆண்டுகள் குறையக் குறைய வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். ‘கவேயாட்’ ஏதேனும் போடப்பட்டிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக, ‘செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்’ என்று ஒரு வரி இருக்கும். உரிமைக் கட்டுப்பாடு என்று பொருள். மாநில அரசின் இசைவின்றிக் கைமாற்ற இயலாது என்று அதில் எழுதியிருந்தால், இசைவு வர மாதங்கள் ஆகலாம். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் நமக்கு வாங்கவே வழியில்லை. பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீட்டை ‘பெயர் அவருடையது, வீடு நம்முடையது’ என்று தனித்தாளில் எழுதி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இரவில் எப்படி உறங்குகிறார்களோ!

இங்கே சற்று நின்று ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மக்களில் பெரும்பகுதியினர் தோட்ட லயங்களிலிருந்து வந்தவர்கள். நானும் அப்படித்தான். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை, பட்டாவும் இல்லை. வேலை இருக்கும்வரை வீடு இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புத் திட்டங்களுக்காக விற்கப்பட்டபோதும், நம்மவர் கையில் கிடைத்த தொகையோடு பட்டணத்து ஓரங்களுக்கு வந்தனர். அங்கே பலகை வீடுகளை ஒருவர் மற்றொருவருக்கு விற்றனர், வாங்கினர். சாட்சிக்கு இருவர், கையெழுத்துப் போட்ட ஒரு தாள். அந்த நிலங்களில் பலவற்றுக்கு இருந்தது தற்காலிகக் குடியிருப்பு உரிமம், அதாவது ‘டிஓஎல்’ மட்டுமே. அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. பெற்றவர் இறந்தால் அது அத்தோடு முடிந்தது. தேசிய நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும், காசு கொடுத்து வாங்கினோம், வாழைமரம் நட்டோம், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்தோம், ஆகவே வீடு நம்முடையது என்று நம்பினோம்.

2009ஆம் ஆண்டில் பினாங்கில் கம்போங் புவா பாலா இடிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். மாடும் கன்றுமாகத் தலைமுறைகள் வாழ்ந்த ஊர். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பு மக்களுக்குச் சாதகமாக அமையவில்லை. அந்த மக்கள்பால் எனக்குள்ள பரிவு இன்றும் குறையவில்லை. அரசியல்வாதிகள் அன்று ஆடிய ஆட்டமும் மறக்கவில்லை. ஆயினும் எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்பதை நிலப்பதிவேடு எழுதி வைப்பதில்லை. யார் பெயர் என்பதை மட்டுமே எழுதுகிறது. அந்தப் பதிவேட்டைப் போய்ப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் ஏன் இன்னும் வேரூன்றவில்லை என்பதே என் ஆதங்கம். வாஸ்து பார்க்கிறோம், வாசல் திசை பார்க்கிறோம், கதவு எண்ணைக் கூட்டிப் பார்க்கிறோம். அவற்றை நான் குறை சொல்லவில்லை. சோதிடருக்குக் கொடுக்கும் காணிக்கையைவிடப் பட்டாத் தேடலுக்கு ஆகும் செலவு குறைவுதான் என்கிறேன்.

இனி, பணக் கணக்கு. இளம் ஆசிரியர்கள் சிலர், ‘நான்கு இலட்சம் வெள்ளி வீடு, பத்து விழுக்காடு முன்பணம், ஆக 40,000 போதும்’ என்று கணக்குப் போடுகின்றனர். போதாது. கைமாற்றுப் பத்திரத்திற்கான முத்திரை வரி முதல் ஓர் இலட்சத்திற்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் ஐந்து இலட்சம் வரை 2 விழுக்காடு. ஆக 7,000 வெள்ளி. மீதி 360,000 வெள்ளியைக் கடனாகப் பெற்றால், கடன் பத்திரத்திற்கு அரை விழுக்காடு, அதாவது 1,800. வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு வீதம் விற்பனை ஒப்பந்தத்திற்கு 5,000, கடன் பத்திரத்திற்கு 4,500. மொத்தம் 58,300 வெள்ளி. இதில் வங்கியின் மதிப்பீட்டாளர் கட்டணமும், சேவை வரியும், ஒழுகும் கூரையும் சேரவில்லை. முதல் வீடு வாங்குவோருக்கு முத்திரை வரிச் சலுகை உண்டு. வாங்கும் ஆண்டில் அதன் வரம்பு என்ன என்பதை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த 58,300 இல்லாதவர்களைக் குறிவைத்து ஒரு தந்திரம் நடக்கிறது. எங்கள் ஆசிரியர் அறையிலேயே அதைப் பெருமையாகப் பேசக் கேட்டிருக்கிறேன். ‘மார்க் அப்’ என்பார்கள். வீட்டின் உண்மை விலை 360,000. ஒப்பந்தத்தில் 400,000 என்று எழுதிக்கொள்வது. வங்கி 400,000க்குத் தொண்ணூறு விழுக்காடு கடன் தரும். கைப்பணம் போடாமலே வீடு! சில வேளை மேலும் உயர்த்தி எழுதி, கையில் ரொக்கமும் பெற்றுத் தருவார்களாம். இதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். வங்கியிடம் பொய் விலையைக் காட்டிக் கடன் பெறுவதற்கு வேறு பெயர் இருக்கிறது. நியாயத்தை விடுங்கள், கணக்கையாவது பாருங்கள். முத்திரை வரி பொய் விலைக்குத்தான் கட்ட வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகள் வட்டி கட்டுவதும் அந்தப் பெருக்கிய தொகைக்கே. விற்பவருக்கும் தப்பில்லை: வாங்கி ஐந்தாண்டுக்குள் விற்றால் சொத்து ஆதாய வரி உண்டு. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் 30, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. பெறாத ஆதாயத்திற்கு அவர் வரி கட்ட வேண்டி வரும். ஆறாம் ஆண்டு முதல் குடிமக்களுக்கு அந்த வரி இல்லை. என் மாணவி இதை ஒரே வரியில் முடித்தாள்: “அப்படிக் கேட்டு வருகிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவேன், ஐயா. என் அட்டை போய்விடும்.”

விலையைப் பற்றி நாங்கள் சிறிது வாதாடினோம். பக்கத்துத் தெருவில் ஒருவர் 520,000க்கு விற்றதாகச் சொன்னதை நான் சொன்னேன். “கேட்ட விலையா, கைமாறிய விலையா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. எங்கள் தாமானில் உண்மையில் பதிவான விலைகளைக் காட்டினாள். என் கனவு விலை சுவரிலிருந்து உதிரும் சுண்ணாம்பைப் போல் உதிர்ந்தது. வருத்தந்தான். ஆனால், வங்கியின் மதிப்பீட்டாளர் என் நினைவுகளுக்கு விலை போட மாட்டாரே.

ஒன்றில் மட்டும் நான் அவளோடு உடன்படவில்லை. படம் எடுப்பதற்கு முன் கூடத்தில் உள்ள சாமி மேடையையும் படங்களையும் சில நாள் அகற்றி வைக்கச் சொன்னாள். “எல்லா இனத்தவரும் வந்து பார்ப்பார்கள், ஐயா. வீடு வெறுமையாக இருந்தால்தான் அவரவர் தங்கள் வாழ்க்கையை அதில் வைத்துப் பார்ப்பார்கள்.” தொழில் நோக்கில் அவள் சொன்னது சரியாகவே இருக்கலாம். வாடகை விளம்பரங்களில் எந்த இனத்தவர் வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதும் நாட்டில் வாழ்கிறோம்; அவள் தன் அனுபவத்திலிருந்துதான் பேசினாள். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. இல்லத்தரசி சமையலறையிலிருந்தே, “முடியாது என்று சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். விலை கொஞ்சம் குறைந்தாலும் குறையட்டும். அவள் மறுத்துப் பேசவில்லை. அந்த மூலை விழாதபடி படம் எடுத்துக்கொண்டாள்.

அடமான விடுவிப்புப் படிவம் இப்பொழுது நில அலுவலகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஒரு குடும்பம் வீட்டைப் பார்க்க வருகிறது. நானும் இருக்கப்போகிறேன். பின்கட்டில் மழைக்கு ஒழுகும் இடத்தை அவர்களிடம் சொல்வதா வேண்டாமா என்று மாணவியைக் கேட்டேன். “கேட்டால் மறைக்காதீர்கள்” என்றாள். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.